காக் சமியாவின் இரண்டு கை அகலம்

இரண்டாவது முறையும் காக் சமியா உதட்டைப் பிதுக்கிவிட்டார்.

மலேசியாவின் ரெம்பா ஊரில் கட்டப்போகும் புது நூலகத்துக்கு, எல்லாருக்கும் 'காக்', அதாவது அக்காவான அவர்தான் பொறுப்பாளர். கணினிக்குள் இருக்கும் கட்டடத்தில் நடந்து பார்க்கும் கண்ணாடியைத் தலையிலிருந்து கழற்றி வைத்தார்.

"கூரை நம்ம ஊரு வீட்டுக் கூரைதான் இசானி. மரச்சட்டம்கூட அச்சு அசல். ஆனா உள்ள நின்னா பேங்குக்கு வந்த மாதிரி இருக்கே! நம்பர் கூப்பிடுவாங்கன்னு காத்துட்டிருந்தேன்."

இசானிக்குக் காது சுட்டது. நூறு வருடப் பழைய வீடு ஒன்றை லேசர் கருவியால் அளந்து, மூன்று மாதமாக அவள் கணினியில் வளர்த்த கட்டடம் அது.

"வியாழக்கிழமை கடைசி. அன்னைக்கும் அவங்களுக்குப் பிடிக்கலன்னா, ஏற்கெனவே கைவசம் இருக்கிற கான்கிரீட் பெட்டி டிசைன்தான்," என்றார் அவளுடைய மூத்த கட்டடக் கலைஞர் ரிஸ்வான்.

அன்றே பழைய வீட்டின் அளவுகளைத் திரும்பத் திறந்தாள். தூணுக்குத் தூண் 143.6 சென்டிமீட்டர். அடுத்த தூணும் 143.6. சன்னல் அதில் சரிபாதி, 71.8. தச்சன் கை கோணல் என்று நினைத்து, பொத்தானைத் தட்டித் தூணை 150 ஆகவும் சன்னலை 60 ஆகவும் 'சரிசெய்தது' அவளேதான்.

"அபாங், கோணல்னா எடத்துக்கு ஒரு தப்பு வரணும். வீடு பூரா ஒரே தப்பு எப்படி வரும்?" என்று ரிஸ்வான் அண்ணனிடம் கேட்டாள்.

சனிக்கிழமை இருவரும் அந்த வீட்டுக்கே போனார்கள். இசானி இரண்டு தூண்களுக்கு நடுவே நின்று கைகளை விரித்தாள். இரண்டு பக்கமும் விரல் நுனிக்கும் தூணுக்கும் ஒரு நூலிழை இடைவெளி. ரிஸ்வானும் வந்து விரித்துப் பார்த்தார், மணிக்கட்டே இடித்தது. திரும்பும்போது நிலைப்படியில் தலையும் இடித்தது.

"ஒரு பொம்பளையோட கை அளவு இது!" இசானி கத்தியேவிட்டாள். "இந்த ஊரு வழக்கப்படி வீடு பொம்பளைங்களுதுன்னு தெரியும். அளவும் அவங்களுதா?"

ரிஸ்வான் நெற்றியைத் தேய்த்தார். "அதான் மாமியார் வீட்ல எனக்குத் தினமும் இடிக்குதா! சரி, நூலகத்துக்கு ஏது வீட்டுக்காரி? அமைச்சர் சம்சாரத்தை அளப்பமா?"

"தினமும் சன்னலைத் திறந்து மூடப்போறது யாரு?"

திங்கட்கிழமை காக் சமியாவைச் சுவரோரம் கைவிரித்து நிற்கவைத்து, பென்சிலால் கோடு போட்டாள்.

"என்னடி, ஹரி ராயாப் பெருநாளுக்கு பாஜு குரோங் தைக்கப் போறியா?"

"கொஞ்சம் பெரிய சட்டை, காக். கூரையெல்லாம் வச்சது."

145.2.

"அவங்க ரிட்டையர் ஆயிட்டா?" என்று கேட்டார் ரிஸ்வான்.

"அந்த வீட்டுக்காரி போய் எழுபது வருஷமாச்சு. உங்க தலையைத் தவிர வேற யாரும் அங்க கஷ்டப்படலையே!"

அந்த ஒற்றை எண்ணை உள்ளே போட்டு, சன்னலை அதன் பாதியாகவும், சன்னல் விளிம்பின் உயரத்தைக் கால்வாசியாகவும், அலமாரியை முழுசாகவும் கட்டிவிட்டாள். மொத்தக் கட்டடமும் திரையில் ஒருமுறை குலுங்கி உட்கார்ந்தது. அழகாகிவிட்டதா? அவளுக்கே தெரியவில்லை.

வியாழக்கிழமை. காக் சமியா கண்ணாடியை மாட்டினார். நடந்தார். நின்றார். இசானி நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த நேரம் பார்த்து வெளியே மழை சடசடவென்று பிடித்தது.

காக் சமியா கொஞ்சமும் யோசிக்கவில்லை. இரண்டு கைகளையும் நீட்டி, வெறும் காற்றில் இரண்டு சன்னல் கதவுகளையும் இழுத்துச் சாத்தினார். தடவித் தேடவும் இல்லை.

"புத்தகமெல்லாம் நனைஞ்சிடும்," என்று முணுமுணுத்தவர், சட்டென்று நின்று, கண்ணாடிக்குள் தெரியாத தன் கைகளையே தேடினார். "அய்யோ, என்ன பண்றேன் நான்?"

ரிஸ்வான் பெட்டி டிசைன் தாளைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் 145.2 என்று எழுதினார்.

"இந்த ரெண்டுங்கெட்டான் அளவுக்குப் பலகை அறுக்கிறவன் என்னைத் திட்டப்போறான்," என்றபடி போனை எடுத்தார்.