மாப்பிள்ளை நின்ற வாசல்கள்

குதிரைக்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தது ரொட்டிக்கடை அக்காவின் தம்பிதான். ரொட்டி வண்டியை இழுத்துக்கொண்டு போகும்போது ஒவ்வொரு வாசலிலும் தானாக நின்று, கழுத்தைத் திருப்பி வீட்டுக்காரர்களை ஒரு பார்வை பார்க்கும்.

"அக்கா, இது குதிரை இல்ல, புது மாப்பிள்ளை. வீட்டுக்கு வீடு உபசாரம் கேக்குது!"

அப்படிப் பழக்கியவள் அக்கா. அடுப்பிலிருந்து தட்டுத் தட்டாக ரொட்டியை இறக்கி, துணி போர்த்தி, வண்டியில் அடுக்கிவிட்டால் போதும், கடிவாளத்தைத் தொடவே வேண்டாம். வாசல் வந்தால் நிற்கும், ரொட்டியைப் படியில் வைத்ததும் நகரும். தம்பி பாதி வழி வண்டியிலேயே தூங்குவான், தூங்குமூஞ்சி!

போர் வந்தது. மீசை சரியாக முளைக்காத வயதில் தம்பி குதிரைப்படையில் சேர்ந்தான், மாப்பிள்ளையோடு. அங்கே போய் அது இவன் மானத்தை வாங்கியது. அணிவகுப்பில் மற்ற குதிரைகளெல்லாம் போக, இது மட்டும் தளபதி வீட்டு வாசலில் நின்றுவிட்டதாம்.

"ரொட்டி எங்கடான்னு தளபதி கேட்டாருக்கா!"

லீவில் வந்தபோது அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். சூடான ரொட்டியைப் பிட்டு வாயில் அடைத்துக்கொண்டு, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் மாவு மூட்டைமேல் சாய்ந்து தூங்கிப்போனான். இருந்த வரைக்கும் சந்தோஷமாக இருந்த பிள்ளை. ஒரு நாளாவது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டவனில்லை.

அடுத்த தடவை குதிரை மட்டும்தான் வந்தது. கூட்டி வந்த சிப்பாய் அக்காவின் முகத்தைப் பார்க்காமலே பேசினான்.

"ஒரு தெருவுல குண்டு விழப்போகுது, காலி பண்ணுங்கன்னு ஒரு குரல் குடுத்துட்டு வரச் சொல்லி அவனை அனுப்பினாங்க. பாய்ஞ்சு போய் வர்ற வேலைதான்க்கா. திரும்பி வரல. நாங்க போனப்போ இது மட்டும் ஒரு வாசல்ல அசையாம நின்னுச்சு."

வாசலில் நின்றது குதிரை, நிற்கப் பழக்கியது அக்கா. அப்படியானால் தம்பியைக் கொன்றது யார்? அந்தக் கேள்வி அவளை மாவு பிசையவும் விடவில்லை, சாப்பிடவும் விடவில்லை.

வயிற்றுப்பாடு இருக்கிறதே, வண்டியில் பூட்டித்தான் பார்த்தாள். குதிரைக்குப் புதிதாக ஒரு பிடிவாதம் வந்திருந்தது. ரொட்டியை வைத்தாலும் நகரவில்லை. வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் தெருவில் இறங்கினால்தான் காலை எடுத்து வைத்தது. தையல்காரர் முகமெல்லாம் சோப்பு நுரையோடு வந்து, "என்னம்மா, உன் மாப்பிள்ளைய நான் வந்து வழியனுப்பணுமா?" என்றார்.

"நின்னு நின்னு என் தம்பிய முழுங்கினது பத்தலையா, சனியனே!" என்று அக்கா வெடித்தாள். அன்றைக்கே அதை லாயத்தில் கட்டிவிட்டுக் கைவண்டி தள்ள ஆரம்பித்தாள். விற்பதற்கு ஆளும் பார்த்தாள்.

வாங்குகிறவன் வருவதற்குள் வேறொருத்தி வந்தாள், இடுப்பில் குழந்தையோடு. பட்டாளத்தில் விசாரித்துக்கொண்டு வந்தாளாம்.

"குதிரைக்காரத் தம்பியோட அக்கா நீங்கதானே? நான் அந்தத் தெருதாங்க. முதல் வாசல்லயே குதிரை நின்னுடுச்சு. உங்க தம்பி சிரிச்சுட்டாரு. 'எங்க அக்கா பழக்கினது, நின்னா நின்னதுதான்'னு இறங்கி, 'ரொட்டி! ரொட்டி!'ன்னு கதவைத் தட்டினாரு. சிப்பாய் கூப்பிட்டா நாங்க வருவோமா? தாழ்ப்பாள் போட்டுட்டு உள்ள பதுங்கிக் கெடந்தோம். ரொட்டின்னதும் தொறந்தோம்."

அக்கா மாவுக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஒவ்வொரு வீட்லயும் கடைசி ஆள் தெருவுல இறங்குற வரைக்கும் குதிரையைப் புடிச்சுக்கிட்டு நின்னாருங்க. அப்புறம்தான் அடுத்த வாசல். கடைசி வீடு எங்களுது. நான் இவளைத் தூக்கிட்டு இறங்கினதும் 'ஓடுங்க'ன்னாரு. திரும்பிப் பாக்குறதுக்குள்ள..."

"தெருவுல வேற யாருக்காவது..."

"ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலைங்க."

அக்கா வாய்விட்டு அழுதாள். அழுகையின் நடுவே, "சிரிச்சானா?" என்று கேட்டாள்.

"சிரிச்சுக்கிட்டேதான் இருந்தாரு."

அடுப்பில் ரொட்டி தீய்ந்தது. தீயட்டும் என்று லாயத்துக்கு ஓடி, குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கடா மாப்பிள்ளை."

மறுநாள் காலையில் வண்டி தையல்காரர் வாசலில் நின்றது.

"தையல்காரரே! வீட்ல இருக்குற அத்தனை பேரும் வெளிய வாங்க!"

"ஒரு ரொட்டிக்கா இந்தக் கூப்பாடு?"

"ஆமா. கடைசி ஆள் வர்ற வரைக்கும் வண்டி நகராது. என் தம்பி பழக்கினது."

தையல்காரர் வந்தார், மனைவி வந்தாள். மாப்பிள்ளை அசையவில்லை. கடைசியில் அவர்களுடைய சின்னப் பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டே படி இறங்கினாள். மாப்பிள்ளை அடுத்த வாசலுக்கு நடந்தது.