முனை முட்டிய ரிங்

வேங்கிக்காலில் விவசாய மெஷின்களைப் பழுதுபார்க்கும் கடை அறிவுச்செல்வனுடையது. ரூபீனா அங்கே நான்கு வருடமாக மெக்கானிக். அக்கா மகள் கல்யாணத்துக்காக ஒரு வாரம் ஆரணியில் இருந்துவிட்டு அன்று காலைதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். வாசலில், கீழ்பென்னாத்தூரில் நிலக்கடலை போட்டிருந்த கஸ்தூரியின் களையெடுக்கும் மெஷின் வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. ரூபீனா ஊரில் இல்லாத அந்த வாரத்தில்தான் அதன் எஞ்சினை இங்கே புதுப்பித்துக் கொடுத்திருந்தார்கள். இப்போது ஸ்டார்ட் செய்யும் கயிற்றை இழுத்தால் அசையவே இல்லை.

"மழை விட்டு நேத்துதான் கொல்லைல எறக்கினோம் தம்பி," என்றாள் கஸ்தூரி. "மல்லாட்டைல களை மண்டிப்போச்சு. அரை மணி நேரம்கூட ஓடல. கீச்சுனு ஒரு சத்தம், நின்னுடுச்சு."

அறிவுச்செல்வன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆயில் பாக்காம ஓட்டியிருப்பீங்கமா. எல்லாரும் இதான் பண்றாங்க."

ரூபீனா ஆயில் போல்ட்டைக் கழற்றினாள். அளவு குறையாமல் ஆயில் தட்டில் இறங்கியது. சிலிண்டரைப் பிரித்தாள். உள்சுவரில் நகம் மாட்டும் அளவுக்குக் கீறல்கள். பிஸ்டனைச் சுற்றி இறுகிக் கிடந்த, ஓரிடத்தில் வெட்டுவிட்ட இரும்பு வளையமான மேல் ரிங்கை நெம்பி எடுத்துத் துடைத்தாள். அதன் இரண்டு முனைகளும் ஒன்றோடொன்று மோதிப் பளபளவென்று நசுங்கியிருந்தன.

சூடானால் ரிங் நீளும். அதற்காகத்தான் முனைகளுக்கு நடுவே தாள் கனத்துக்கு இடைவெளி விட்டு மாட்டுவது. காற்றிலேயே ஆற வேண்டிய சின்ன எஞ்சினில் சூடு இன்னும் ஜாஸ்தி. இதில் இடைவெளியே இல்லை.

அவள் அறிவுச்செல்வனைப் பின்பக்கம் கூப்பிட்டாள். "நீங்கதான மாட்டினீங்க? கேப் பாத்தீங்களாண்ணா?"

"பாக்கெட்ல வர்றது கரெக்டாதான் இருக்கும். ஒவ்வொண்ணா அளந்துனு இருந்தா ஒரு மெஷின் வெளிய போகாது." குரலைத் தாழ்த்தினான். "ஆயில் இல்லன்னு சொல்லிட்டேன். நீ வாய தெறக்காத."

வாசலில் கஸ்தூரி போனில் கத்திக்கொண்டிருந்தாள். "யோவ், ஆயில் பாக்காமயா ஓட்டின? பொய் சொல்லாத! பாத்திருந்தா ஏன்யா நிக்குது? உன்ன நம்பிக் குடுத்தேன் பாரு, என்னச் சொல்லணும்."

மறுமுனையில் அவள் கணவன் ராமகிருஷ்ணன் என்னவோ சொல்லிப் பார்த்தான். அவள் கேட்கவில்லை. அறிவுச்செல்வன் அவளைப் பார்த்து அனுதாபமாகத் தலையாட்டினான். ரூபீனாவுக்கு அந்தத் தலையாட்டலைப் பார்க்கச் சகிக்கவில்லை. ரிங்கைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு மனுஷன் ஏச்சு வாங்குவதைக் கேட்டு நின்ற தன்னையும் சகிக்கவில்லை.

"அக்கா, போன வைங்க. இங்க வாங்க."

சிலிண்டரின் அடியில் கீறல் விழாத இடம் ஒன்று இருந்தது. அங்கே ரிங்கை நுழைத்து, பிஸ்டனால் தள்ளிச் சமமாக்கினாள். முனைகள் முட்டிக்கொண்டன. இருந்ததிலேயே மெல்லிய அளவுத் தகட்டைக் கஸ்தூரியின் கையில் கொடுத்தாள். "இது நடுவுல போவணும். போவுதா பாருங்க."

கஸ்தூரி இரண்டு முறை முயன்றாள். போகவில்லை.

"ஆயில் சரியாதான் இருந்திச்சு. அவர் மேல தப்பில்ல. இங்க மாட்டினதுதான் தப்பு."

அறிவுச்செல்வன் சட்டென்று சிரித்தான். "அட, கம்பெனி மிஸ்டேக்மா! இப்பல்லாம் ரிங் இப்படித்தான் வருது."

ஒரு பொய் செத்ததும் கூசாமல் அடுத்ததை எடுத்துவிட்டான். "அளந்து மாட்டுன்னு பெட்டி மேலயே எழுதியிருக்குண்ணா," என்றாள் ரூபீனா.

அவனைக் கேட்காமலேயே அலமாரியிலிருந்து புது சிலிண்டர், பிஸ்டன், ரிங் செட்டை எடுத்தாள். ஒவ்வொரு ரிங்காக உள்ளே வைத்து அளந்தாள். மேல் ரிங் இறுக்கமாக இருந்தது. ஒரு முனையை மட்டும் வெளியிலிருந்து உள்பக்கமாக அரத்தால் இழுத்தாள். ஓர் இழுப்பு, மறுபடி அளவு. தகடு லேசாக உரசிக்கொண்டு நுழையும்வரை இழுத்தாள். ரிங் வாய்கள் ஒன்றுக்கு நேரே ஒன்று வராமல் திருப்பி மாட்டினாள். கஸ்தூரி பக்கத்திலேயே நின்று கண் கொட்டாமல் பார்த்தாள்.

எல்லாவற்றையும் பூட்டிக் கயிற்றை இழுத்தாள். இரண்டாவது இழுப்பில் எஞ்சின் பிடித்தது.

"அந்த மனுசன வாய்க்கு வந்தபடி பேசிட்டேனேம்மா," என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள் கஸ்தூரி. அறிவுச்செல்வன் பக்கம் திரும்பாமலேயே வண்டியில் ஏறிப் போனாள்.

"கஸ்டமர் முன்னாடி மானத்த வாங்கிட்டியே," என்றான் அவன். "தனியா கூப்ட்டு சொல்லியிருக்கலாம்ல?"

"தனியாதாண்ணா மொதல்ல சொன்னேன்."

அவன் டீ சொல்லியிருந்தான். அவள் அதைத் தொடவில்லை. கையைக் கழுவி, தன்னுடைய அளவுத் தகடுகளையும் அரத்தையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். அதன் பிறகு அந்தக் கடைப்பக்கம் அவள் போகவில்லை.