திருப்பி எழுதாத இருபது எழுத்து

டி.என்.ஏ. நகலானால் ஜெல் தகட்டில் விழ வேண்டிய கோடு ஏழு வாரமாக ஒன்றுகூட விழவில்லை. பழி மட்டும் டெக்னீஷியன் தலையில் விழுந்தது. அந்தம்மாவுக்குக் கைராசி கிடையாது என்று ஆய்வுக்கூடத் தலைவர் வாரக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். மாதக் கடைசிக்குள் கோடு வராவிட்டால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டேன் என்றும் சொன்னார். பதினோரு வருஷம் சொட்டு சிந்தாமல் பிப்பெட் பிடித்த கைக்கு ராசி இல்லையாம்! ஜோசியமா பார்க்கிறார்கள் இங்கே?

அவள் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தாள். மருந்துகளை மாற்றினாள், சூட்டைக் கூட்டினாள், குறைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மிச்சமிருந்தது பிரைமர் ஒன்றுதான். டி.என்.ஏ. இழையில் போய் ஒட்டிக்கொண்டு நகலெடுப்பதைத் தொடங்கி வைக்கிற இருபது எழுத்துத் துண்டு அது. எழுதியவர் தலைவர். அவர் எழுதியதை யார் சரிபார்ப்பது?

மதியம் சாப்பாட்டு டப்பாவை ஓரங்கட்டிவிட்டு அவள் சரிபார்த்தாள். ஏ-க்கு டி, ஜி-க்கு சி, ஜோடியெல்லாம் கச்சிதம். ஆனால் டி.என்.ஏ.யின் இரண்டு இழைகளும் ஒரே சாலையில் போகிற வண்டியும் வருகிற வண்டியும் மாதிரி எதிரெதிர்த் திசையில் ஓடுபவை. ஜோடி எழுதியபின் வரிசையைக் கடைசியிலிருந்து திருப்பி எழுத வேண்டும். மனுஷர் திருப்பவே இல்லை. முதல் வருஷப் பிள்ளைகள் செய்கிற தப்பு. அடப்பாவி, இதற்கா ஏழு வாரம்!

யாரிடமும் மூச்சு விடாமல், திருப்பி எழுதிய பிரைமரைத் தன் பெயரிலேயே வரவழைத்தாள். வந்த மறுநாளே கோடு பளிச்சென்று விழுந்தது.

எழுத்தைத் திருப்பியதால்தான் விழுந்தது என்று அவள் சொன்னதும், தலைவர் பல்லெல்லாம் தெரிய வந்து கதவைச் சாத்தினார். பிரைமர் செய்த கம்பெனி எழுத்தைத் தப்பாக அனுப்பிவிட்டது என்று சோதனைகளைப் பதிகிற நோட்டில் எழுதச் சொன்னார். எழுதினால் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம். அவள் வெளியே போய்ப் புருஷனுக்குப் போன் செய்தாள்.

"எழுதிக் குடுத்துட்டுப் போயேன். உனக்கு வேலைதானே முக்கியம்?"

"ஆமாங்க, வேலைதான் முக்கியம்," என்று வைத்துவிட்டாள்.

உள்ளே வந்து, நின்றபடியே எழுதினாள். பிரைமர் திருப்பி எழுதப்படவில்லை. எழுதியவர் ஆய்வுக்கூடத் தலைவர். கீழே தன் கையெழுத்து, தேதி. அதைப் படித்ததும் தலைவருக்கு முகம் கறுத்துப் போயிற்று. பக்கத்தைக் கிழிக்கச் சொன்னார்.

"பக்கத்துக்கெல்லாம் நம்பர் போட்டிருக்கு சார். கிழிக்கிறதுன்னா நீங்களே கிழிங்க. தணிக்கைக்கு வர்றவங்க நூத்திப் பன்னெண்டாம் பக்கம் எங்கன்னு கேப்பாங்க. பதில் சொல்ல நான் இங்க இருக்க மாட்டேன், நீங்கதான் இருப்பீங்க."

அவர் கை நோட்டின்மேல் இருந்தது. கிழிக்கவில்லை. அவள் கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். நோட்டை அவர் கைக்கடியிலிருந்து உருவிக்கொண்டு, அன்றைய வாரக் கூட்டத்துக்கு எல்லாரும் உட்கார்ந்திருந்த அறைக்கு நடந்தாள்.