சாலைக்கு அந்தப் பக்கத்துக் கட்டில்

மிசிசிப்பியில் எங்கள் ஊர்ப்பக்கம் சட்டமன்றத் தொகுதிகளை மாற்றி வரைந்தார்கள், கண்ணுகளா. கறுப்பு மக்களின் ஓட்டுகளை வளைத்து வளைத்து ஒரே தொகுதியில் திணித்துவிட்டால், சுற்றியுள்ள தொகுதிகளில் எங்கள் பேச்சு எடுபடாது அல்லவா? அந்தக் கோடு எங்கள் சாலையின் நடுவே போனது. தேவாலயம் இருக்கும் சாரி உள்ளே, எதிர்ச்சாரி வெளியே.

அந்தக் கோட்டை எதிர்த்து வழக்குப் போட்ட இருவரில் ஒருவர் மகனோடு சிகாகோ போய்விட்டார். மிஞ்சியவர் தேவாலயச் சாரியில் குடியிருக்கும் வெர்லீன் டப்ஸ்.

"இந்தத் தொகுதியில குடியிருக்கிறவங்கதான் வழக்காட முடியும். நீங்களும் வீடு மாறினா கேஸ் செத்துடும்," என்று எங்கள் வக்கீல் கெண்டல் சொல்லியிருந்தார்.

மார்ச் மாதச் சூறாவளி வெர்லீன் வீட்டுக் கூரையில் பாதியைப் பிய்த்துப்போட்டது. எங்கள் ஊரில் இதற்கெல்லாம் அனுமதி கேட்பதில்லை. அவர் முழங்காலைக் காட்ட ஆஸ்பத்திரி போயிருந்தபோது, சபைக்காரர்கள் கட்டிலைத் தூக்கி எதிர்ச்சாரியில் தங்கை மோசெல் வீட்டில் போட்டுவிட்டார்கள்.

திரும்பி வந்த வெர்லீன் சாலையிலேயே நின்று கத்தினார்.

"யாரைக் கேட்டுடி தூக்குனீங்க?"

"கூரையில்லாம நட்சத்திரம் எண்ணப் போறியாக்கா?"

"எண்ணிட்டுப் போறேன். கட்டிலைக் கொண்டா."

"இப்பத்தான் இடுப்பு நிமிர்ந்துச்சு, சிஸ்டர்," என்று கட்டில் தூக்கிய சபை ஊழியர் டீக்கன் ஹோரஸ் முனகினார். "நாளைக்குத் தூக்குறோம்."

மறுநாள் தூக்கினார்கள். ஆனால் கட்டில் போன செய்தி அரசுத் தரப்பு வக்கீலின் காதுக்கு எட்டியிருந்தது. வெர்லீன் குடிமாறிவிட்டார், வழக்கைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று மனுப் போட்டார்.

"உங்க கட்டில் தங்கச்சி வீட்டுக்குப் போச்சா, இல்லையா?" என்று நீதிமன்றத்தில் கேட்டார்.

"போச்சு."

"அப்ப நீங்க?"

"நான் போகல. அன்னிக்கு ராத்திரி என் வீட்டுச் சமையக்கட்டுல நாற்காலியிலயே தூங்கினேன். கழுத்து இன்னும் திரும்பல. வேணும்னா இந்தப் பக்கம் வந்து கேளுங்க."

அவர் இன்னும் அந்தத் தொகுதிவாசிதான், வழக்கு நடக்கலாம் என்றார் நீதிபதி. கோடு சரியா தவறா என்பது இன்னும் முடிவாகவில்லை. கூரையில் நீலத் தார்ப்பாய்தான் கிடக்கிறது.

சாயங்காலமானால் மோசெல் வாசலில் நின்று கூப்பிடுவார்.

"சாப்பிடவாவது வரலாமாக்கா, இல்ல அதுக்கும் வக்கீலைக் கேக்கணுமா?"

"கேட்டுட்டேன். சாப்பிடலாமாம்."

கோழியும் சோளரொட்டியும் தின்றுவிட்டு, கம்பை ஊன்றிக்கொண்டு, வெர்லீன் சாலையைக் கடந்து தார்ப்பாயின் கீழே போய்ப் படுப்பார்.