வால்செர்ராவில் சுடாத நெருப்பு

1939 ஏப்ரலில், வால்செர்ராவில் ரெமெய் புயோலின் ரொட்டி அடுப்பில் எரிந்த நெருப்பு சுடுவதை நிறுத்திக்கொண்டது. கொழுந்துவிட்டுத்தான் எரிந்தது, புகையும் வந்தது. ஆனால் மாவாக உள்ளே போனது மாவாகவே வெளியே வந்தது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் ஜெயித்தவர்கள் அந்தச் சீமையின் கத்தலான் மொழியைத் தடை செய்து, அவள் கடை வாசலில் இருந்த 'ஃபோர்ன்' பலகையைப் பிடுங்கிவிட்டு, தங்கள் கஸ்தீலிய ஸ்பானிஷ் மொழியில் 'ஓர்னோ' என்று எழுதி மாட்டிய அன்று அது நடந்தது. இரண்டுக்கும் அர்த்தம் ரொட்டி அடுப்புதான்.

ஏழு வாரம் ஊர் பச்சை மாவைத் தின்றது. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டு இரண்டு இறந்தன. புது நகரச் செயலாளர் தோன் லௌரேயானோ, இது சதி என்று காவலர்களோடு வந்தார். சட்டைக் கையை மடக்கித் தழலுக்குள் முழங்கைவரை விட்டார். ஒரு ரோமம்கூடக் கருகவில்லை.

"என்னடி பண்ணி வெச்சிருக்க?"

ரெமெய் கத்தலானில் பதில் சொன்னாள்.

"குரைக்காத. கிறிஸ்தவன் பேசுற பாஷைல பேசு."

ரெமெய்யின் கணவன் பெரேயை ஜனவரியில்தான், ஜெயித்தவர்களுக்குத் துணையாக வந்த இத்தாலியச் சிப்பாய்கள் சுட்டுக் கொன்றிருந்தார்கள். மறுநாள் அவர்களே ரொட்டி கேட்டு வந்து 'ஃபோர்னோ', 'ஃபரீனா' என்றபோது, அடுப்பும் மாவும் அவளுக்கு அப்படியே புரிந்தன. புரிந்ததற்காகத் தன் காதுகளையே அவள் வெறுத்தாள்.

இப்போது செயலாளரின் மொழியிலேயே சொன்னாள். "என் புருஷனக் கொன்னவன் வாயிலகூட அந்தச் சொல் உசுரோட இருந்துச்சு. மலைக்கு அந்தாண்ட பிரெஞ்சுக்காரன் ஃபூர்ங்குறான். போர்ச்சுகல்காரன் ஃபோர்னோங்குறான். எல்லாரும் ஊதித்தான் சொல்றாங்க. நீங்க மட்டும் பலகைல முதல்ல ஒரு 'ஹ'வ எழுதிட்டு, அத வாய்க்குள்ளயே முழுங்கிடுறீங்க. ஊதாம எந்த நெருப்புய்யா சுடும்?"

"வாய மூடு." அவர் கை இன்னும் உள்ளேதான் இருந்தது.

அவள் அடுப்பருகே குனிந்து, கீழுதட்டில் பல் பதித்து, ஒரே ஒரு தடவை 'ஃபோர்ன்' என்றாள்.

செயலாளரின் கை முழங்கைவரை வெந்தது. அவளுக்கு நான்கு வருடச் சிறை. வண்டியில் ஏற்றும்போது, "அந்த ரெண்டு புள்ளைங்களுக்காக யாரு ஜெயிலுக்குப் போறீங்க?" என்று கேட்டாள்.

மறுநாள் நெருப்பு மறுபடி குளிர்ந்துபோனது. காவல் கார்ப்பொரலின் மனைவி காஸில்டா தெற்குச் சீமைக்காரி, கைப்பிள்ளைக்காரி. அவள் வந்து தன் ஊர் வழக்கப்படி தொண்டையிலிருந்து 'ஹோர்னோ' என்றாள். ரொட்டியின் மேல்தோல் மட்டும் வெந்தது. மூன்றாம் நாள் உதட்டில் பல்லை வைத்தாள். கார்ப்பொரல் தெருவைப் பார்த்தபடி வாசலில் நின்றான். அன்று வால்செர்ரா முழுக்க ரொட்டி தின்றது.

அதன்பின் வரிசையில் முதலில் நிற்பவர் அந்தச் சொல்லைச் சொல்வது வழக்கமாயிற்று. மேலிடம் அறிக்கை கேட்டது. கார்ப்பொரல் இரண்டே வரி எழுதி அனுப்பினான்: அடுப்பு எரிகிறது. ரொட்டி நன்றாக வேகிறது.