சட்டைக் கையைப் பிடித்தது யார்?

மருத்துவமனையின் மாடி அறையில் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு நீதிமன்றம் ஆக்கியிருந்தார்கள். கைப்பிடி உடைந்த நாற்காலிதான் சாட்சிக் கூண்டு. கை கால் முடங்கியவர்களைக் குளிக்கவும் உடுத்தவும் சமைக்கவும் பழக்கும் தெரபிஸ்டுகளுக்கு, நிபுணராக நின்று சாட்சி சொல்லப் பயிற்சி. குரலைக் கொஞ்சம் உயர்த்திப் பேசினால் போதும் என்று நினைத்துத்தான் பாதிப் பேர் வந்திருந்தார்கள்.

கூண்டில் உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் 'தெரபி அக்கா' என்பார்கள். பயிற்சிக்கு அவர் எடுத்துக்கொண்டது தன் கையில் இருந்த நிஜ வழக்கையே. தொழிற்சாலை இயந்திரத்தில் வலக்கை நசுங்கிய தையல்காரம்மா ஒருவர், இனி தனக்கு உதவிக்கு ஓர் ஆள் வேண்டும், அந்தச் செலவைத் தொழிற்சாலை ஏற்க வேண்டும் என்று வழக்குப் போட்டிருந்தார். அந்த அம்மா தன் வேலையைத் தானே செய்துகொள்வார் என்று அக்கா அறிக்கை கொடுத்திருந்தார். அக்காவை அமர்த்தியது தொழிற்சாலை. அவர்கள் விரும்பிய முடிவே வந்துவிட்டதால் இன்னொரு முறை பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

பயிற்சி கொடுக்க வந்து, குறுக்கு விசாரணைக்கு எழுந்த பெண் வக்கீலுக்கு அக்காவின் வயதில் பாதிகூட இராது.

"அந்தம்மா சட்டை போட்டுக்கிட்டதை நீங்க பாத்தீங்களா?"

"பக்கத்துலயே நின்னு பாத்தேன்மா."

"நின்னு என்ன செஞ்சீங்க?"

"என்ன செய்வேன்? இன்னும் கொஞ்சம்தான்னு தைரியம் சொன்னேன்."

"கை சும்மா இருந்துச்சா?"

சிலர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். நோயாளி தடுமாறினால் அக்காவின் கை தானாக நீண்டுவிடும். மருத்துவமனையில் அந்த அம்மாவைச் சோதித்த அன்றும் சட்டைக் கையை விரித்துப் பிடித்தது அவர்தான். அது உதவி என்றே அவருக்கு உறைத்திருக்கவில்லை.

"நான் பிடிச்சிருந்தேன்," என்றார் மெதுவாக.

"அவங்க வீட்டுல யாரு பிடிப்பாங்க?"

அக்கா அறிக்கையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

மறுநாள் தையல்காரம்மாவின் ஒற்றை அறைக்குப் போனார். இடக்கையால் மட்டும் இறுகிப்போன தாழ்ப்பாளை இழுக்க முடியாமல், கதவுக்கு ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்திருந்தார் அந்த அம்மா. அக்கா கைகளைக் கட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தார்.

"நான் இல்லைன்னு நெனச்சுக்கிட்டு சட்டை மாத்துங்கம்மா."

ஒரு கை நுழைந்தது. மறு பாதி முதுகுப் பக்கம் தொங்கியது. தையல்காரம்மா சுவரில் முதுகைத் தேய்த்துப் பார்த்தார். துணியைப் பல்லால் கவ்வி இழுத்தார். எழுந்து போய் உதவ அக்காவின் உடம்பெல்லாம் துடித்தது. அவர் அசையவில்லை. இவ்வளவு கொடிய வேலையை அவர் அதுவரை செய்ததில்லை. கடைசியில் அந்த அம்மா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"விடுங்கம்மா. பாதி நாள் மாத்தறதே இல்ல. யாரு வந்து பாக்கப் போறா?"

"ஆஸ்பத்திரியில இதை ஏன் சொல்லல?"

"அங்க நீங்க பக்கத்துல நின்னீங்க. எல்லாம் முடியும்போல இருந்துச்சு. எவ்வளவோ நாள் கழிச்சு ஒரு மனுஷி என்கூட நிக்கறப்போ, முடியலன்னு சொல்ல மனசு வரல."

அக்காவும் தினமும் ஆளில்லாத வீட்டைத் திறந்துகொண்டு உள்ளே போகிறவர்தான்.

வெளியே வந்ததும் தொழிற்சாலை வக்கீலுக்குப் போன் செய்தார்.

"சார், கோர்ட்டுக்குப் போன அறிக்கை தப்பு. நான் திருத்தணும்."

"என்ன மேடம், உங்களைக் கூப்பிட்டதே நாங்க. எங்களுக்கே குழி தோண்டுறீங்களே. இனிமே எந்த வக்கீல் உங்களைக் கூப்பிடுவான்?"

"கூப்பிடலன்னா போகட்டும் சார். யார் கூப்பிட்டாலும் பாத்ததைத்தான் சொல்லணும். நானோ சரியாவே பாக்கல. ஒருத்தரால என்ன முடியும்னு தீர்ப்பு எழுதறதுக்கு முன்னாடி, யாருமே இல்லாத வீட்டுல அவங்க எப்படி இருக்காங்கன்னு போய்ப் பாக்கணும். அதைப் பாக்காதவன் எவ்வளவு படிச்சிருந்தாலும் நிபுணன் இல்ல."