கோதைக்குக் குரல் தெளிவாகக் கேட்டது

கூரியர்காரர் ஐந்து மணிக்கு வந்து லேப்டாப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவார். மணி இப்போதே மூன்றே கால். இணைய இதழுக்காக ஹம்ஸா எழுதும் லேப்டாப் விமர்சனத்தில் ஒரே ஒரு பகுதிதான் பாக்கி.

மற்றதெல்லாம் முடிந்தாயிற்று. சமையலறைத் தராசில் வைத்து எடை பார்த்திருந்தாள்: தொள்ளாயிரத்து எண்பது கிராம். திரையில் வண்ணங்கள் அபாரம். பேட்டரி பதினான்கு மணி நேரம் தாங்கியது. கம்பெனி சொன்னது பதினெட்டு. பென் டிரைவ் செருகத் தனியாக ஓர் அடாப்டர் வாங்க வேண்டும். வீடியோ எடிட் செய்தால் அடிப்பாகம் தோசைக்கல்லாகிவிடுகிறது. உள்ளே விசிறி இல்லை, அதனால் சத்தமே கிடையாது.

இந்தச் சத்தமின்மையை நிறையில் சேர்ப்பதா குறையில் சேர்ப்பதா என்றுதான் இரண்டு நாள் தடுமாறினாள். ஸ்ரீரங்கத்தில் அவள் தனியாக இருக்கும் அந்த மூன்றாவது மாடி வீட்டில் சத்தம் போடும் ஜீவன் என்றால் அவளுடைய பழைய லேப்டாப்தான். அது மூடிக் கிடந்த பத்து நாளும் வீடு காதடைத்த மாதிரி இருந்தது. கடைசியில் நிறை என்றே எழுதினாள். வாசகர்கள் எல்லோரும் தனியாகவா இருக்கிறார்கள்?

பாக்கி இருந்தது மைக்கும் கேமராவும். அதற்கு எதிர்முனையில் ஓர் ஆள் வேண்டும்.

இதுவரை பதினோரு லேப்டாப்புகளுக்கு அவள் ஒரே வரியைத்தான் மாற்றி மாற்றி எழுதியிருந்தாள். ‘கைலாசபுரத்தில் இருக்கும் தோழி கோதையிடம் வீடியோ காலில் பேசினேன். குரல் தெளிவாகக் கேட்பதாகச் சொன்னாள்.’ கோதை நிஜம். அந்த வீடியோ கால்தான் பொய். ஹம்ஸா தன் குரலைத் தானே பதிவு செய்து, தானே கேட்டு, கோதை பேரில் எழுதிவிடுவாள்.

இணைய இதழின் ஆசிரியர் பிரஹலாத் இன்று காலை சென்னையிலிருந்து கூப்பிட்டு வெடியைக் கொளுத்திப் போட்டார். “மேடம், யார் அந்தக் கோதைன்னு வாசகர்கள் கேட்டுக்கிட்டே இருக்காங்க. இந்த வாட்டி அவங்களோட பேசறதை ரெண்டு நிமிஷம் ரெக்கார்ட் பண்ணி அனுப்பிடுங்க. செமையா இருக்கும்.”

கோதையோடு பேசி மூன்று வருடம் ஆகப்போகிறது. கல்லூரியில் இருவரும் ஒரே பெஞ்ச். பரீட்சை என்றால் ஹம்ஸா தங்கிப் படித்தது கோதை வீட்டில்தான். தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வரும் கோதையின் அப்பா, இருவருக்கும் சேர்த்தே போண்டா வாங்கி வருவார். அவர் இறந்த அன்று ஹம்ஸா ஒரு விமர்சனத்தை முடித்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேர பஸ் தூரம்தான்; மாலையில் போகலாம், நாளை போகலாம் என்று தள்ளி, கடைசியில் ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று ஒரு மெசேஜ் அனுப்பினாள். அப்புறம் போக முகமில்லை.

மூன்றே முக்காலுக்கு ரெக்கார்டைப் போட்டுவிட்டு அழைத்தாள். எடுக்க மாட்டாள் என்று நினைத்த நேரத்தில் கோதை திரையில் வந்தாள். கையில் பாதி உரித்த வெங்காயம்.

“கேக்குதா?” என்றாள் ஹம்ஸா. மூன்று வருடம் கழித்து வாயில் வந்தது அதுதான்.

“அதான் பதினோரு தடவை சொல்லிட்டேனே. தெளிவா கேக்குது.”

ஹம்ஸாவுக்கு முகம் எரிந்தது. “படிச்சியா?”

“ஒண்ணு விடாம. போன லேப்டாப்புக்கு, ‘குரல் கொஞ்சம் கரகரப்பு’ன்னு சொன்னேனாமே? கறாரான ஆளுதான்டி நான்.”

“தப்புதான்டி.”

“எது? என் பேரைப் போட்டதா?”

கோதை கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரைக்கு அருகே வந்தாள். “மேல சிவப்பா ஒரு புள்ளி தெரியுது. ரெக்கார்ட் பண்றியா?”

“ஆமா. எடிட்டர் கேட்டார்.”

“ஓ. அதுக்குத்தான் கூப்பிட்டியா.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு வெங்காயத்தை உரிக்க ஆரம்பித்தாள். அதைத்தான் ஹம்ஸாவால் தாங்க முடியவில்லை. நாற்பது விநாடி ஓடியிருந்தது. இன்னும் எண்பது விநாடி சிரித்துப் பேசினால் வேலை முடிந்தது. அவள் ரெக்கார்டை நிறுத்தினாள்.

“நிறுத்திட்டேன். அப்பா போனப்போ நான் வந்திருக்கணும் கோதை. வேலைன்னு எனக்கே சாக்கு சொல்லிண்டேன். பயமா இருந்தது. அப்புறம் வெக்கமாப் போச்சு.”

கோதை இன்னொரு வெங்காயத்தை எடுத்தாள். அதை உரித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

“அழறியா?”

“இல்லையே.”

“மூக்கை உறிஞ்சறது இங்க வரைக்கும் கேக்குது. மைக் பிரமாதம், எழுதிக்கோ.” கோதை தன் கண்ணையும் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். வெங்காயமாகவும் இருக்கலாம். “வியாழக்கிழமை அப்பாவுக்குத் திதி. வான்னு சொல்லல. தேதியைச் சொன்னேன். அடுப்புல வேலை இருக்கு, வைக்கிறேன்.”

திரையில் தன் முகம் மட்டும் மிஞ்சியது. ‘மூக்கை உறிஞ்சுவதுகூட எதிர்முனைக்குக் கேட்கிறது’ என்று எழுதி, கோதை பேரைப் போடாமல் விட்டாள். மேலே போய், ‘சத்தமே இல்லை’ என்ற வரியை நிறையிலிருந்து எடுத்துக் குறையில் வைத்தாள். விமர்சனத்தை அனுப்பிவிட்டு லேப்டாப்பைப் பெட்டியில் போட்டாள்.

ஐந்துக்கு வந்த கூரியர்காரர் பெட்டியைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். “உள்ள ஏதாச்சும் இருக்குங்களா மேடம்?”

கதவைச் சாத்திவிட்டுப் பழைய லேப்டாப்பைத் திறந்தாள். விசிறி இரைந்துகொண்டு எழுந்தது. பிரஹலாதின் மெசேஜ் காத்திருந்தது. ‘ரெக்கார்டிங் வரலியே? அடுத்த லேப்டாப் வியாழன் வருது. நேர்ல கையெழுத்துப் போட்டு வாங்கணும். நீங்கதான் எப்பவும் வீட்லயே இருப்பீங்களே.’

அந்தக் கடைசி வரியை இரண்டு முறை படித்தாள். பிறகு பதில் தட்டினாள்.

‘ரெக்கார்டிங் இல்லை. வியாழக்கிழமை நான் வீட்டில் இருக்க மாட்டேன்.’